83 நல்ல மார்க்கா? அமெரிக்க ஹைஸ்கூலில் சேரும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஜி.பி.ஏ. வழிகாட்டி

போன அக்டோபரில் ஒரு தோழி போன் செய்தார். மதுரையிலிருந்து நியூஜெர்சி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு. “கணக்குல 83 வாங்கியிருக்கா. நல்ல மார்க்தானே? எதுக்கு அழறான்னே தெரியலை” என்றார்.

நம் ஊர்க் கணக்கில் 60 வந்தால் முதல் வகுப்பு, 75 தாண்டினால் டிஸ்டிங்ஷன். இங்கே பெரும்பாலான பள்ளிகளில் 75 என்பது ‘சி’. 60 என்பது ‘டி’. 59 வந்தால் ஃபெயில். 83 ஒரு ‘பி’. அழ வேண்டிய மார்க் இல்லை, இனிப்பு வாங்க வேண்டிய மார்க்கும் இல்லை. இந்த எழுத்துகளைப் புள்ளிகளாக மாற்றி எடுக்கும் சராசரிதான் ஜி.பி.ஏ.

எண்களை மாற்றிப் புரிந்துகொள்வது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பழக நாளாவது இன்னொன்று. ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் வருஷம் முழுக்க எப்படி இருந்தாலும் கடைசியில் பொதுத் தேர்வுக்கு உட்கார்ந்து படித்துக் கரையேறிவிடலாம். இங்கே செப்டம்பர் இரண்டாவது வாரம் கொடுக்க மறந்த ஒரு ஹோம்வொர்க் ஜூனில் வரும் கிரேடுக்குள் உட்கார்ந்திருக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் வருஷம் இங்கே சறுக்குவது பெரும்பாலும் இதனால்தான், பாடம் கடினம் என்பதால் அல்ல.

இதைப் படிக்கப்போவது அப்பா அம்மா என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் மகள் நான்கு வருஷம் முடித்துவிட்டாள், மகன் பத்தாவதில் இருக்கிறான். ஊரில் எட்டாவது, ஒன்பதாவது முடித்து வந்த பிள்ளைகள் என்றால் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

1. விமானம் ஏறும் முன்

ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரை நான்கு வருஷம். இந்த நான்கு வருஷத்து கிரேடுகளும் ‘டிரான்ஸ்கிரிப்ட்’ என்ற ஒரே தாளில் ஏறும். கல்லூரிக்குப் போவது அந்தத் தாள்தான். ஊரில் ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு மார்க்கை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? பத்தாவது மார்க் ஷீட் பீரோவில் இருக்கும், ஒன்பதாவது பிராகிரஸ் கார்டு பழைய பேப்பரோடு போயிருக்கும். பிள்ளை அங்கே ஒன்பதாவது முடித்துவிட்டு இங்கே பத்தாவதில் சேர்கிறது என்றால், அந்த ஒன்பதாவது மார்க்கைத்தான் இங்கே முதலில் கேட்பார்கள். டி.சி. வாங்கப் போகும்போதே பள்ளியின் லெட்டர்ஹெட்டில், பாடவாரியாக, ஆங்கிலத்தில், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிவிடுங்கள். தேர்ச்சி மதிப்பெண் 35 என்று ஒரு வரி அதிலேயே இருந்தால் மிக நல்லது. தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும், அது இல்லாமல் சேர்க்கை நகராது.

கூடவே ஒரு வேலை. அமெரிக்காவில் ஹைஸ்கூல் கணக்கு தனித்தனிப் பாடமாக வரும்: அல்ஜிப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ், பிறகு கால்குலஸ். நம் பாடத்திட்டத்தில் இவை எல்லாம் ‘கணிதம்’ என்ற ஒரே புத்தகத்துக்குள் கலந்து கிடக்கும். இங்குள்ள கவுன்சிலருக்கு, அதாவது பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளி ஆலோசகருக்கு, அது தெரியாது. ‘மேத்தமேடிக்ஸ்’ என்று மட்டும் பார்த்தால் அல்ஜிப்ரா 1-இல் போட்டுவிடுவார். பிள்ளை அதை ஏற்கெனவே படித்திருக்கும், ஒரு வருஷம் வீண். தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் பி.டி.எஃப். ஆகவே கிடைக்கின்றன. பொருளடக்கப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள், ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’ வைக்கும்படி கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அதைக் கேட்பது இங்கே வழக்கம்தான்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். அதற்குப் பயந்து சிலர் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். தேறினால் அதோடு முடிந்தது, தேறாவிட்டால் பிள்ளைக்கு உதவி கிடைக்கும்.

ஊர் மார்க்கை எப்படி ஏற்றுவீர்கள் என்பதையும் சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள். சில பள்ளிகள் வெளிநாட்டுப் பாடங்களுக்கு ‘பாஸ்’ என்று மட்டும் போட்டு கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான அலகு) கொடுக்கும், அது ஜி.பி.ஏ.வில் சேராது. சில பள்ளிகள் சதவீதத்தை அப்படியே எழுத்தாக மாற்றும். ஊரில் டிஸ்டிங்ஷன் என்று கொண்டாடிய 78 இங்கே ‘சி பிளஸ்’ ஆகிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டால் ‘பாஸ்’ என்பதைக் கேளுங்கள் என்பது என் கருத்து.

2. பள்ளியின் கையேட்டைத் திறந்து ஐந்து விஷயம் தேடுங்கள்

அமெரிக்கா முழுக்க ஒரே ஜி.பி.ஏ. விதி கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் மட்டுமல்ல, பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே மாறும். அதனால் வாட்ஸப் குழுவில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர் சொல்வது நியூஜெர்சியில் பொருந்தாது, இரண்டுமே டெக்சஸில் பொருந்தாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ‘ப்ரோக்ராம் ஆஃப் ஸ்டடீஸ்’ அல்லது ‘கோர்ஸ் கேட்டலாக்’ என்ற பெயரில் ஒரு கையேடு வைத்திருக்கும். பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். அதில் தேட வேண்டியவை:

பிளஸ், மைனஸ் உண்டா? உண்டென்றால் 90-க்கும் 93-க்கும் வித்தியாசம் இருக்கிறது. இல்லையென்றால் இரண்டும் ‘ஏ’தான்.

கிரேடு செமஸ்டருக்கு ஒருமுறை டிரான்ஸ்கிரிப்டில் ஏறுமா, வருஷத்துக்கு ஒருமுறையா? செமஸ்டர் என்றால் ஜனவரியில் புது ஆரம்பம். வருஷக் கணக்கு என்றால் முதல் காலாண்டில் விழுந்த அடி ஜூன் வரை கூடவே வரும்.

ஹானர்ஸ் (அதே பாடத்தின் கடினமான வகுப்பு), ஏ.பி. (கல்லூரி நிலைப் பாடம்) ஆகியவற்றுக்குக் கூடுதல் புள்ளி எவ்வளவு?

உடற்கல்வி, இசை போன்றவை ஜி.பி.ஏ.வில் சேருமா? நியூஜெர்சியில் உடற்கல்வியும் சுகாதாரமும் ஒவ்வொரு வருஷமும் கட்டாயம். ஆனால் அதன் கிரேடு ஜி.பி.ஏ.வில் சேருமா என்பது ஊருக்கு ஊர் வேறு.

எட்டாம் வகுப்பிலேயே எடுத்த அல்ஜிப்ரா டிரான்ஸ்கிரிப்டில் வருமா? சில இடங்களில் வரும். தெரியாமல் இருந்துவிட்டுப் பத்தாவதில் முழிப்பவர்கள் உண்டு.

பட்டம் பெற எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். நியூஜெர்சியில் ஒரு வருஷப் பாடத்துக்கு 5 கிரெடிட், மொத்தம் குறைந்தது 120. டெக்சஸில் ஒரு வருஷப் பாடத்துக்கு 1 கிரெடிட். ஆகவே உறவினர் பிள்ளை 7 கிரெடிட் என்றதும் உங்கள் பிள்ளை 35 என்றதும் ஒன்றாகவே இருக்கலாம்.

இங்கே ஒரு நல்ல செய்தி. பல மாவட்டங்களில் தமிழுக்கு உலகமொழிக் கிரெடிட் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் பள்ளிச் சான்றிதழையோ மொழித்தேர்வு மதிப்பெண்ணையோ ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ என்ற இருமொழிப் புலமை முத்திரையை 2011-இல் கலிஃபோர்னியா முதலில் சட்டமாக்கியது, பிறகு மற்ற மாநிலங்களும் கொண்டுவந்தன. சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குக் காரோட்டிப் போனதற்கு ஒரு பலன். ஒன்பதாவதிலேயே கேட்டு வையுங்கள், பன்னிரண்டாவதில் ஓடாதீர்கள்.

3. ஒரு தடவை கையால் கணக்குப் போடுங்கள்

பள்ளியின் செயலி ஜி.பி.ஏ.வைத் தானே காட்டும். இருந்தாலும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முறை பேப்பரில் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் பாதிப் பயம் போய்விடும்.

எழுத்துக்குப் புள்ளி இப்படி: ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். பிளஸ், மைனஸ் உள்ள பள்ளிகளில் ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி மைனஸ் 2.7 என்று போகும்.

ஒரு மாணவிக்கு ஏழு பாடம், எல்லாம் 5 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் பி பிளஸ் (3.3), ஹானர்ஸ் ஜியாமெட்ரி ஏ மைனஸ் (3.7), உயிரியல் ஏ (4), உலக வரலாறு பி (3), ஸ்பானிஷ் ஏ (4), ஓவியம் ஏ (4), உடற்கல்வி ஏ (4). கூட்டினால் 26. ஏழால் வகுத்தால் 3.71. இதுதான் ‘அன்வெயிட்டட்’, அதாவது கூடுதல் புள்ளி சேர்க்காத ஜி.பி.ஏ. ஹானர்ஸுக்கு அரைப் புள்ளி கொடுக்கும் பள்ளி என்றால் ஜியாமெட்ரி 4.2 ஆகும், மொத்தம் 26.5, சராசரி 3.79. இது ‘வெயிட்டட்’.

கிரெடிட் எல்லாப் பாடத்துக்கும் ஒன்றாக இல்லாவிட்டால், புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். லேப் உள்ள அறிவியல் பாடத்துக்குச் சில பள்ளிகள் 6 கிரெடிட் தரும். அந்தப் பாடம் சராசரியைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும்.

இப்போது முக்கியமான இடம். ஒரே ஒரு ‘பி’ வந்துவிட்டது என்று வீட்டில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்களா? பதினொன்றாவது முடியும்வரை ஆறு செமஸ்டர், செமஸ்டருக்கு ஏழு பாடம், மொத்தம் 42 கிரேடு. அதில் ஒரு ‘ஏ’ ஒரு ‘பி’ ஆனால் இறங்குவது 42-இல் ஒரு பங்கு. 0.024. அவ்வளவுதான்.

முழு வருஷம் சரிந்தால் கதை வேறு. ஒன்பதாவதில் 2.5 வாங்கிவிட்டு, பத்திலும் பதினொன்றிலும் முழு 4.0 எடுத்தாலும் மூன்று வருஷச் சராசரி 3.5-தான் வரும். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியும் அவ்வளவுதான் ஏற முடிகிறது. ‘ஒன்பதாவதுதானே, பழகட்டும்’ என்று சொல்லும் சித்தப்பாக்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

4. ஹானர்ஸ், ஏ.பி.: எத்தனை எடுக்கலாம்?

நம் மக்கள் தடுமாறும் இடம் இது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்கு ஹானர்ஸ் எடுத்தால் நம் பிள்ளைக்கு ஐந்து.

ஏ.பி. என்பது காலேஜ் போர்டு நடத்தும் கல்லூரி நிலைப் பாடம். பல பள்ளிகள் அதற்கு ஒரு முழுப் புள்ளி கூடக் கொடுக்கும், அதாவது ‘ஏ’ வாங்கினால் 5. ஏ.பி.யில் ‘பி’ வாங்கினாலும் 4 வரும், சாதாரண வகுப்பில் ‘ஏ’ வாங்கியவருக்குச் சமம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: மே மாதம் எழுதும் ஏ.பி. தேர்வுக்கு 1 முதல் 5 வரை தனி மதிப்பெண். அது ஜி.பி.ஏ.வில் சேராது. வகுப்பில் வருஷம் முழுக்க வாங்கும் கிரேடுதான் சேரும். தேர்வில் 5 வாங்கி வகுப்பில் ‘சி’ வாங்கியவர்களும் உண்டு, அதற்கு எதிர்மாறானவர்களும் உண்டு.

கூடுதல் புள்ளிக்காக ஹானர்ஸ் எடுப்பது சரியான கணக்கு இல்லை. அரைப் புள்ளிதான் கூடுதல். சாதாரண வகுப்பில் ‘ஏ’ வாங்கும் பிள்ளை ஹானர்ஸில் ‘சி’ வாங்கினால் 2.5, நஷ்டம் ஒன்றரைப் புள்ளி. ஹானர்ஸில் ‘பி’க்குக் கீழே போகாது என்று நம்பிக்கை இருக்கும் பாடத்தில் எடுக்கலாம். புதிதாக இந்த நாட்டுக்கு வந்த பிள்ளைக்கு முதல் வருஷம் கணக்கிலும் அறிவியலிலும் ஹானர்ஸ் போதும். ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் வேண்டாம். இங்கே வரலாறு என்பது தேதி மனப்பாடம் இல்லை. பழைய ஆவணம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதை எழுதியவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதற்குப் பழக ஒரு வருஷம் வேண்டும்.

கல்லூரிகளும் பள்ளி போட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, பல இடங்களில் தாங்களே மறுபடி கணக்குப் போடுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான்டியாகோ எல்லாம் சேர்ந்த யூ.சி., ஒரு நல்ல உதாரணம். ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்த குறிப்பிட்ட கல்விப் பாடங்களை மட்டும் எண்ணுவார்கள். பிளஸ், மைனஸ் பார்க்கமாட்டார்கள், ஏ மைனஸும் 4-தான். கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டருக்கு மேல் கிடையாது, அதிலும் பத்தாவதில் எடுத்த பாடங்களுக்கு நான்கு செமஸ்டர்தான். வெளி மாநில மாணவர் என்றால் பள்ளியின் ஹானர்ஸுக்குக் கூடுதல் புள்ளியே இல்லை, ஏ.பி., ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) போன்றவற்றுக்குத்தான். விண்ணப்பிக்கவே கலிஃபோர்னியா மாணவருக்கு 3.0, வெளியாருக்கு 3.4 வேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஜி.பி.ஏ.வில் சேராது என்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாடங்களிலும் ‘சி’க்குக் குறையாமல் இருக்க வேண்டும், கிரேடுகளும் அவர்கள் கண்ணில் படும்.

டெக்சஸில் கதை வேறு. 1997-இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் இருப்பவர்களுக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் விதிவிலக்கு, அங்கே கூட்டம் அதிகம் என்பதால் 2026 இலையுதிர்கால மாணவர்களிலிருந்து முதல் ஐந்து சதவீதம். அங்கே ரேங்க்தான் எல்லாம், எனவே வெயிட்டட் புள்ளிக்கு நடக்கும் போட்டி கடுமை. மற்ற மாநிலங்களில் பல பள்ளிகள் ரேங்க் போடுவதையே விட்டுவிட்டன.

விளையாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வரி: கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களில் 2.3 ஜி.பி.ஏ. வேண்டும். அந்தக் கணக்கு ஒன்பதாவதிலேயே தொடங்குகிறது.

5. பூஜ்யம் என்ற பூதம்

என் மகள் முதல் காலாண்டில் வாங்கிய ‘சி’க்குக் காரணம் இதுதான். பாடம் எல்லாம் தெரியும். மூன்று ஹோம்வொர்க்கை நோட்டில் செய்து முடித்துவிட்டு, கூகுள் கிளாஸ்ரூமில் ‘டர்ன் இன்’ பொத்தானை அழுத்தவில்லை. மூன்று பூஜ்யம்.

ஐந்து ஹோம்வொர்க்கில் நான்கில் 100, ஒன்றில் பூஜ்யம் என்றால் சராசரி 80. அதை 90-க்குக் கொண்டுவர இன்னும் ஐந்து முறை தொடர்ந்து 100 வாங்க வேண்டும். அதே ஐந்தாவது ஹோம்வொர்க்கைத் தாமதமாகக் கொடுத்து, பாதி மார்க் மட்டும், அதாவது 50 வாங்கியிருந்தால்? சராசரி உடனே 90. பாதி மார்க்தானே கிடைக்கும், எதற்குச் செய்வது என்று விட்டுவிடும் பிள்ளைகள் இந்த இரண்டு வரிக் கணக்கைப் பார்க்க வேண்டும். என் மகனுக்கு இதைக் காட்டிய பிறகு நான் நினைவுபடுத்தும் வேலையே பாதியாகிவிட்டது.

அடுத்தது, ‘கேட்டகரி’. ஒவ்வொரு ஆசிரியரும் முதல் வாரத்தில் ‘சிலபஸ்’ என்று ஒரு தாள் கொடுப்பார். நம் ஊர் சிலபஸ் போல் பாடப் பட்டியல் மட்டும் இல்லை, கிரேடு எப்படிப் போடப்படும் என்பதும் அதில்தான் இருக்கும். உதாரணமாக டெஸ்ட் 60 சதவீதம், குவிஸ் 25, ஹோம்வொர்க் 15. ஒரு மாணவனுக்கு டெஸ்டில் 84, குவிஸில் 88, ஹோம்வொர்க்கில் 98 என்றால் மொத்தம் 87.1, பி பிளஸ். டெஸ்டும் குவிஸும் அப்படியே இருக்க, ஹோம்வொர்க் மட்டும் 60 ஆனால் மொத்தம் 81.4, பி மைனஸ். வெறும் பதினைந்து சதவீதம் இரண்டு படி இறக்கிவிட்டது.

அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஏழு பாடம், ஏழு தாள்.

இறுதித் தேர்வுக்கும் இதே கணக்குதான். தேர்வுக்கு 20 சதவீதம், அதுவரை செய்தவற்றுக்கு 80 என்று இருந்தால், 88.5-உடன் உள்ளே போகும் பிள்ளை 90 தொட தேர்வில் 96 வாங்க வேண்டும். 91-உடன் போகும் பிள்ளைக்கு 86 போதும். வகுப்புக் காலத்தில் சேர்த்துவைத்த இரண்டரை மார்க், தேர்வு நாளில் பத்து மார்க்கை மிச்சப்படுத்துகிறது.

6. வகுப்பறைக்குள்

ஆசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நிற்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். தோழியின் மகள் எழுந்து நின்றிருக்கிறாள். பாவம், வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். இங்கே பெரும்பாலும் ஆசிரியர் அறையிலேயே இருப்பார், பிள்ளைகள்தான் மணி அடிக்க அடிக்க அறை மாறி ஓடுவார்கள். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம்தான் இடைவெளி. முதல் நாளுக்கு முன் பள்ளியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

‘சார்’, ‘டீச்சர்’ என்று கூப்பிடும் பழக்கம் இங்கே இல்லை. மிஸ்டர் அல்லது மிஸ், கூடவே குடும்பப் பெயர். தெற்கு மாநிலங்களில் ‘சார்’, ‘மேம்’ என்பது மரியாதையாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வகுப்பில் வாய் திறப்பதற்கும் சில பாடங்களில் மார்க் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பேசாமல் இருப்பதுதான் ஒழுக்கம் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். இங்கே பேசாத பிள்ளையைப் படித்துவிட்டு வராத பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள். ஆங்கில உச்சரிப்புக்குக் கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு வழி: ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி, முந்தின நாளே நோட்டில் எழுதிக்கொண்டு போவது. இரண்டு மாதத்தில் எழுதிக்கொள்ளத் தேவைப்படாது.

பள்ளி தொடங்கும் முன்னோ முடிந்த பின்னோ, ஆசிரியர் சந்தேகம் தீர்க்க உட்காரும் நேரம் உண்டு. ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்பார்கள், ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ என்பார்கள். மக்குப் பிள்ளைகள் போகும் இடம் என்று நினைத்துப் போகாமல் இருப்பது பெரிய தவறு. வாரம் ஒருமுறை ஒரு பாடத்துக்காவது போகட்டும். பதினொன்றாவது முடிவில் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, ஆசிரியருக்கு முகம் நினைவிருக்க வேண்டும்.

மின்னஞ்சலைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நீங்கள் எழுதாதீர்கள். எந்த வகுப்பு, எந்த பீரியட், எந்த வேலை, என்ன முயன்று பார்த்தேன், எப்போது வந்து பார்க்கலாம் என்ற ஐந்து தகவல் நான்கு வரியில் போதும். ‘ஏன் எனக்கு மார்க் குறைத்தீர்கள்’ என்று கேட்பதைவிட ‘இந்தக் கேள்வியில் எங்கே தவறினேன் என்று காட்ட முடியுமா’ என்று கேட்டால் வேலை நடக்கும்.

7. நோட்டைக் கொடுக்காதே

இதற்குத் தனிப் பகுதி வைக்கக் காரணம் இருக்கிறது. ஊரில் ஹோம்வொர்க் நோட்டைக் கேட்டால் கொடுப்பவன்தான் நல்ல நண்பன். இங்கே கொடுத்தவனுக்கும் பூஜ்யம், எழுதியவனுக்கும் பூஜ்யம், வீட்டுக்கு போன். சில பள்ளிகளில் அது பதிவிலும் ஏறும். இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டாலும், மென்பொருளைக் கேட்டுக் கட்டுரை எழுதினாலும் அதே கதி. எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் மேற்கோள், குறிப்பிடாவிட்டால் திருட்டு. நம் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளபடி அப்படியே எழுதினால் முழு மார்க் என்ற பழக்கத்திலிருந்து வருகிறார்கள். அதனால்தான் முதல் வாரமே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து படிக்கலாம், பேசலாம். எழுதுவது மட்டும் தனித்தனியாக.

8. சறுக்கினால்

காலாண்டின் நடுவில் ‘ப்ராக்ரஸ் ரிப்போர்ட்’ வரும். அது டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது. திருத்திக்கொள்ளக் கொடுக்கப்படும் நேரம் அதுதான், திட்டுவதற்கு அல்ல.

முதலில் எங்கே ஓட்டை என்று பாருங்கள். ஹோம்வொர்க்கில் பூஜ்யங்களா? அதற்கு ட்யூஷன் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் ஏழு பாடத்தையும் திறந்து, இந்த வாரம் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினால் போதும். டெஸ்டிலா? டெஸ்டைத் திருத்திக் கொடுத்தால் மார்க்கில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுதேர்வு வைப்பவர்களும் இருக்கிறார்கள். சிலபஸ் தாளில் இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

வகுப்பே சுமை என்றால் ஹானர்ஸிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாறக் கடைசித் தேதி ஒன்று உண்டு. செப்டம்பர் முடிவதற்குள் அது தாண்டிவிடும் பள்ளிகளும் உண்டு. தன்மானம் பார்த்து அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

கவுன்சிலரிடம் போங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பவர் அவர், நீங்கள் போகாவிட்டால் உங்களைத் தேடி வரமாட்டார். கவனக்குறைவு, வாசிப்புச் சிரமம், மன அழுத்தம் போன்றவை இருந்தால் ‘504 திட்டம்’ என்ற சட்டப்படியான ஏற்பாடு இருக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம்கூடக் கிடைக்கும். வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று நம்மவர்கள் மறைக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்டில் அது எழுதப்படாது.

தூக்கமும் இதில் சேர்த்தி. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவர்களின் பரிந்துரை. ஹைஸ்கூல் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற கலிஃபோர்னியாவின் சட்டம் 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. கிழக்கில் இன்னும் ஏழரைக்கு மணி அடிக்கும் பள்ளிகள் பல. இரவு ஒரு மணி வரை படிக்கிறான் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். இங்கே அந்தப் பிள்ளை முதல் பீரியடில் தூங்கி விழும், அந்தப் பாடத்தில்தான் கிரேடும் இறங்கும்.

9. போர்ட்டலை மூடி வையுங்கள்

பவர்ஸ்கூல், ஜெனசிஸ், இன்ஃபினிட் கேம்பஸ் என்று ஊருக்கு ஒரு பெயரில் மதிப்பெண் போர்ட்டல் உண்டு. பெற்றோருக்குத் தனிக் கணக்கு கொடுப்பார்கள். முதல் மாதம் நான் ஒரு நாளைக்கு ஆறு முறை பார்த்தேன். அலுவலகத்தில் மீட்டிங் நடுவே 91 என்பது 87 ஆனதைப் பார்த்து மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் அப்போது வேறொரு டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் ஒரு குவிஸை ஏற்றிவிட்டு, இன்னொன்றை ஏற்றாமல் சாப்பிடப் போயிருந்தார். மாலைக்குள் 92 ஆகிவிட்டது. அந்த நாளின் சண்டை மட்டும் மூன்று நாள் நீடித்தது.

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, பிள்ளையோடு சேர்ந்து, பிள்ளையே திறந்து காட்டட்டும். எண்ணைப் பார்க்க வேண்டாம். ‘மிஸ்ஸிங்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கள் வீட்டில் பஜ்ஜியும் டீயும் போட்டு உட்காருகிறோம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

10. ஜூன் மாதம், பள்ளி மூடுவதற்குள்

வருஷம் முடிந்ததும் ‘அன்அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட்’ ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோருக்குப் பிள்ளையின் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 1974-இன் மத்தியச் சட்டம் தந்திருக்கிறது. பிள்ளைக்கு 18 ஆனதும் அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும், அதுவரை நீங்கள் கேட்கலாம்.

பாடத்தின் பெயர், ஹானர்ஸ் என்ற குறிப்பு, கிரெடிட் எண்ணிக்கை, இறுதி கிரேடு என்று வரி வரியாக ரிப்போர்ட் கார்டோடு ஒத்துப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்புக் கிரெடிட் ஏறியிருக்கிறதா, எட்டாவது அல்ஜிப்ரா ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். என் மகளின் ஹானர்ஸ் ஜியாமெட்ரி வெறும் ‘ஜியாமெட்ரி’ என்று ஏறியிருந்தது. அரைப் புள்ளி காணோம். கண்டுபிடித்தது ஜூலையில். பத்து மாத ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கவுன்சிலர் கோடை விடுமுறையில் இருந்தார். செப்டம்பர் வரை மூன்று மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தோம். அதற்கப்புறம் அவர் அதைத் திருத்த எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடம்.